கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி: நகரத்துச் சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் மகளைச் சேர்க்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறீர்கள். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், உளவியல் படிக்க ஆசைப்படுகிறாள். கோவையில் நடந்த கல்விக் கண்காட்சியில், சென்னையில் இருக்கும் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தின் பிரசுரம் கிடைத்திருக்கிறது. அதில் ‘நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்’ என்று ஒரு பக்கமும், படிப்புகளின் பட்டியலாக நான்கு பக்கமும் இருக்கின்றன. ‘இந்த வரலாறு உண்மையா, இத்தனை படிப்புகளை இவ்வளவு சின்ன இடத்தில் நடத்த முடியுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. படித்து முடித்ததும் அவள் கையில் இருக்கப்போகும் பட்டம் எங்கேயும் செல்லுமா, படிக்கிற காலத்தில் யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்களா? இந்த இரண்டையும் மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

உதகையில் 28 வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினேன். சேர்க்கைக் குழு, பாடத்திட்டக் குழு, விடைத்தாள் திருத்தும் முகாம் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறேன். தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்ததில்லை. ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுகளுக்காக இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்வந்ததோடு சரி. ஆகவே சட்டம், பட்டம், தேர்வு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது பற்றி நான் சொல்வது, அங்கே போய்ப் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்து என்னிடம் பேசிய மாணவர்களிடம் கேட்டது.

முதலில் அந்த வரலாற்றுப் பக்கம். இத்தகைய பிரசுரங்களில் பெரும்பாலும் மூன்று தேதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும்: அறக்கட்டளை தொடங்கிய வருடம், அதன் முதல் கல்லூரி தொடங்கிய வருடம், அது பல்கலைக்கழகம் ஆன வருடம். நாற்பது ஆண்டு என்பது அறக்கட்டளை ஒரு நர்சரிப் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து எண்ணியதாகக்கூட இருக்கலாம். அதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியது மூன்றாவது தேதி மட்டுமே. நல்ல நிறுவனங்களுக்கும் இந்த மூன்று தேதிகளும் தனித்தனியாகத்தான் இருக்கும். நம் ஊரிலேயே பாருங்கள். உதகை ராக்லேண்ட்ஸில் இருக்கும் ஜேஎஸ்எஸ் மருந்தியல் கல்லூரி 1980இல் தொடங்கியது. மைசூரில் தலைமையிடம் கொண்ட அதன் தாய் நிறுவனத்துக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு நிகரானது என்ற மத்திய அரசின் அறிவிப்பு, கிடைத்தது 2008இல். அதற்கு முன் அங்கே படித்து வெளியே வந்தவர்களின் பட்டத்தில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். பழனி மலைக்குக் கிழக்கே சமவெளியில் சின்னாளபட்டி பக்கம் உள்ள காந்திகிராமம் கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கியது, நிகர்நிலை ஆனது 1976இல். சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரி வைத்தார், அது 1929இல் பல்கலைக்கழகம் ஆனது, 2013இல் மாநில அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. இந்த மூன்றும் தங்கள் தேதிகளை மறைப்பதில்லை. நீங்கள் பார்க்கும் இடம் மூன்றாவது தேதியை வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடவில்லை என்றால் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ‘எந்த வருடம் பல்கலைக்கழகம் ஆனது, எந்த அரசாணை’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இரண்டாவது, ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் வருடத்துப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம், அல்லது அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் மத்திய அரசு அறிவித்த நிகர்நிலை, அல்லது நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். இவ்வளவுதான் கதவுகள். 1958இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம்தான் நிகர்நிலைத் தகுதி முதலில் பெற்றவற்றில் ஒன்று. ஆக நிகர்நிலை என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தனியார் நடத்தும் பல்கலைக்கழகங்கள் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை நிகர்நிலைதான். சட்டமன்றச் சட்டத்தின் மூலம் வந்த தனியார் பல்கலைக்கழகங்கள் இங்கே 2018க்குப் பிறகு வந்த சில மட்டுமே. அப்புறம் ‘தன்னாட்சிக் கல்லூரி’ என்று ஒன்று உண்டு. அது தானே பாடத்திட்டம் வகுக்கும், தானே தேர்வு வைக்கும், ஆனால் பட்டம் கொடுப்பது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். கண்காட்சி மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டை அவசரத்தில் விழுங்கிவிடுவார்கள்.

இது சும்மா சட்ட நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002இல் சத்தீஸ்கர் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தாலே தனியார் பல்கலைக்கழகம் தொடங்கிவிடலாம் என்ற நிலை. கொஞ்ச காலத்தில் நூற்றுக்கும் மேல் முளைத்துவிட்டன. பலவற்றுக்கு வளாகமே இல்லை, ராய்ப்பூரில் ஓர் அறை, ஒரு பெயர்ப் பலகை. மானியக் குழுவின் தலைவராக முன்பு இருந்த பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது, அந்தப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே இல்லாமல் போயின. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, அந்த நிறுவனங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்யும்படி நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

இதைவிட எனக்கு நெருக்கமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குன்னூர்க்காரன், என்னிடம் இயற்பியல் படித்தவன், கெட்டிக்காரன். குடும்ப நிலையால் பட்டம் முடித்ததும் வேலைக்குப் போய்விட்டான். 2003இல் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நிகர்நிலை நிறுவனத்தில் அஞ்சல் வழியில் பொறியியல் சேர்ந்து முடித்தான். அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வும் வாங்கினான். 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: உரிய அனுமதி இல்லாமல் நிகர்நிலை நிறுவனங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது, 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிற்கும், அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு, பழைய நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பதினைந்து வருடத்துக்கு முன் படித்த தெர்மோடைனமிக்ஸை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திரும்பப் படித்தான். நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அந்த நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகத் தகுதி இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அந்தப் படிப்பை அந்த முறையில் நடத்த அனுமதி இல்லை என்பதுதான் கோளாறு. பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தும் படிப்பு செல்லாமல் போகலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன். அந்தத் தீர்ப்பை ஒட்டித்தான், நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரில் ‘பல்கலைக்கழகம்’ என்று நேரடியாகப் போடக் கூடாது என்று மானியக் குழுவும் 2017இல் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. உங்கள் பிரசுரத்தின் முகப்பில் பெரிய எழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன எழுத்துதான் அதன் சட்டப்படியான தகுதி.

சரி, படிப்புகளின் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு படிப்புக்கும் பின்னால் ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கலாம். மருந்தியலுக்கு பார்மசி கவுன்சில், சட்டத்துக்கு பார் கவுன்சில், செவிலியத்துக்கு நர்சிங் கவுன்சில், கட்டடக்கலைக்கு அதற்கான கவுன்சில். பிபிஏ, பிசிஏ படிப்புகளைக்கூட 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. உளவியல் இளநிலைப் பட்டம் பொதுவான அறிவியல் பட்டம்தான், அதைப் பல்கலைக்கழகம் தன் அதிகாரத்திலேயே நடத்தலாம். ஆனால் பிரசுரத்தில் அந்தப் படிப்புக்கு நேரே ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாம்’ என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே கவனம் வேண்டும். மூன்று வருட இளநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகமுடியாது. முதுநிலை படிக்கவேண்டும், அதன் பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தொழில்முறைப் பயிற்சியை முடித்துப் பதிவு செய்யவேண்டும். அந்தப் பயிற்சி இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆகவே உங்கள் மகளிடம் இது ஏழெட்டு வருடப் பயணம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அவள் அதற்கும் சரி என்றால் நல்லது. பள்ளிகளில் ஆலோசகராகவோ, ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையிலோ வேலை பார்க்கவேண்டும் என்றால் பாதை இதைவிடக் குறுகியது. ‘சைக்காலஜி வித்’ என்று தொடங்கி நீளும் கவர்ச்சியான பெயர்களும் பட்டியலில் இருக்கும். பட்டச் சான்றிதழில் கடைசியில் என்ன பெயர் அச்சாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்தப் பெயரில் பட்டம் கொடுக்கலாம் என்று மானியக் குழு 2014இல் அரசிதழில் ஒரு பட்டியல் வெளியிட்டது, அதில் இல்லாத பெயரில் பட்டம் கூடாது.

இனி, சின்ன இடம் என்ற உங்கள் தயக்கம். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. சின்னதாக இருப்பது ஒரு குறையே இல்லை. தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மற்ற கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது, தங்கள் வளாகத்தில் தாங்களே பாடம் நடத்தவேண்டும். ஆகவே அவை சின்னதாக இருப்பது இயல்பு. நம் மலையில் நாங்கள் வேறு மாதிரி வளர்ந்தவர்கள். நீலகிரியின் கலை, அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1982இல் அது பிறப்பதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம் கீழே கோவையிலிருந்து வரும், வினாத்தாள் கீழே இருந்து வரும், விடைத்தாள் கட்டுகள் கீழே போகும். திருத்தும் முகாமில் என் முன் ஒரு கட்டு வைப்பார்கள். பதிவு எண் இருக்கும் பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு டம்மி நம்பர் போட்டிருப்பார்கள். ஈரோட்டுப் பிள்ளையா, பந்தலூர்ப் பிள்ளையா எனக்குத் தெரியாது. யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. அது அதன் பலம். பலவீனமும் கூடவே உண்டு. ஒரு பாடத்தை மாற்றவேண்டும் என்றால் வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வினாத்தாள் போட்டவர் பாடத்தை எப்படி நடத்தினார் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் நடத்தியது அவருக்குத் தெரியாது.

சின்னப் பல்கலைக்கழகத்தில் இது தலைகீழ். பாடம் நடத்துபவரே வினாத்தாள் போடலாம், அவரே திருத்தலாம். நல்ல ஆசிரியர் கையில் இது அற்புதமான ஏற்பாடு. முப்பது பேர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தும் அவருக்குத் தெரியும், யாருக்கு எங்கே இடறுகிறது என்று தெரியும், அடுத்த பருவத்துக்குள் பாடத்தையே மாற்றி அமைக்க முடியும். மோசமான நிர்வாகத்தின் கையில் இதே ஏற்பாடு எல்லோரையும் தேற்றிவிடும் இயந்திரம் ஆகிவிடும். மலையிலிருந்து போன என் மாணவிகள் இருவர் ஒரே மாதிரி அளவுள்ள இரண்டு வெவ்வேறு இடங்களில் படித்தார்கள். ஒருத்தி, ‘சார், மூன்று வருடத்தில் நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கம் பக்கமாகத் திருத்தம் போட்டுக் கொடுத்தார்கள்’ என்றாள். இன்னொருத்தி, மூன்றாம் பருவத்தில் நான்கு ஆசிரியர்கள் மாறியதைச் சொன்னாள். ஆகவே கட்டடத்தின் அளவை விட்டுவிடுங்கள். துறையில் எத்தனை பேர் முழுநேர ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். போன பருவத்து வினாத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வெளித் தேர்வாளர் உண்டா என்று கேளுங்கள். வினாத்தாளை நீங்கள் படிக்கவேண்டாம், மகளின் பள்ளி ஆசிரியரிடம் காட்டினால் போதும். மனப்பாடம் செய்து எழுதக்கூடிய கேள்விகள் மட்டும் இருந்தால் அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்றையும் பாருங்கள், ஆனால் ஏ, பி என்ற தர எழுத்தை மட்டும் பார்க்காமல் எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அது நிறுவனம் முழுவதற்கும் கொடுத்த தரம், உளவியல் துறைக்கு என்று தனியாகக் கொடுத்தது அல்ல.

மலையிலேயே ஏன் ஒன்று இல்லை என்று கடைசியில் ஆதங்கத்தோடு கேட்டிருக்கிறீர்கள். பழனி மலையில் இருக்கிறது. கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், அது மாநில அரசுடையது. நீலகிரியில் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் படிப்புக்கு இங்கே பழைய வேர்கள் உண்டு. ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ், உள்ளூர்ப் பழங்குடிகள் கல் பங்களா என்று சொன்ன அதே கட்டடம், 1955 முதல் அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள், படகர் கிராமத்துப் பிள்ளைகள் என்று எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரிகள் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். கட்டடம் கட்டக் கட்டுப்பாடுள்ள, நிலம் கிடைக்காத மலையில் பெரிய தனியார் வளாகம் வராமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கும் அரசுக் கல்லூரிகளில் துறைகள் கூடவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால்தான், சென்னைப் பிரசுரத்தோடு கூடவே இன்னும் இரண்டு விண்ணப்பங்களும் போட்டு வையுங்கள் என்கிறேன். கோவை அரசு கலைக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் உளவியல் துறை உண்டு, அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் வழி உண்டு. நிகர்நிலை நிறுவனத்தின் கட்டணத்தை மாநிலக் கட்டண நிர்ணயக் குழு கட்டுப்படுத்துவதில்லை. முதல் வருடம் சொன்ன தொகையே மூன்றாம் வருடமும் இருக்குமா, விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் தனியா என்று மூன்று வருடக் கணக்காக ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, தவணை தவறினால் தேர்வுக்கு அனுமதி மறுப்பார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒன்று. அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மானியக் குழுவின் 2018 அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது, அது நிகர்நிலைக்கும் பொருந்தும். அதே அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் அதிகபட்சம் 5,000 ரூபாய் போக மொத்தக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் முடிந்து பதினைந்து நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்குப் பின் ஒன்றும் கிடையாது. அரசுக் கல்லூரியின் தரவரிசைப் பட்டியல் வரும் நாளையும் இந்தக் கடைசி நாளையும் ஒரே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஒரு வேலை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நேரில் போய்வாருங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் பிடித்துப் போய்வரும் செலவு, மூன்று வருடக் கட்டணத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். சேர்க்கை அலுவலகத்தில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு உளவியல் துறை எந்த மாடி என்று கேட்டு மேலே ஏறுங்கள். உளவியலுக்கு ஆய்வகம் உண்டு. சோதனைக் கருவிகள், வினாப்படிவங்கள், பதிவேடுகள் இருக்கவேண்டும். அவற்றில் இந்த வருடத்துத் தேதி போட்ட மாணவர் பதிவேடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளிடம் உங்கள் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். திரும்பி வந்ததும் அவள் என்ன சொன்னாள் என்று இங்கேயே எழுதுங்கள், வினாத்தாளும் கிடைத்தால் நிறுவனத்தின் பெயரை மறைத்துப் போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.